நிமிர்த்தி வைத்த குவளை

ஆய்வாளர் இடது காலணிக்கு மெருகேற்றி முடித்து, வலது காலணிக்குள் கையை நுழைத்தபோதுதான், தம் மருமகனுடைய பாதம் தம்முடையதைவிடச் சிறியது என்பதை அறிந்தார். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கால்கள் அவர் கண்முன் நடமாடியிருந்தன. அளவு பார்க்க ஒரு நாளும் தோன்றியதில்லை. கடை கடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் அளவெடுப்பதையே உத்தியோகமாகக் கொண்டிருந்த மனிதர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் ஆய்வாளர்தான்.

பின்வாசல் படியில் பழைய செய்தித்தாளை விரித்து அமர்ந்திருந்தார். விடிந்ததிலிருந்து தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"அப்பா, முடிஞ்சுதா?"

மகள் கதவில் சாய்ந்து நின்றாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். இரண்டு நாட்களாக உறங்காத முகத்திலும் தலைவாரலில் ஒரு மயிர் பிசகவில்லை.

"டாக்டரம்மா வாசல்ல நிக்குறாங்க. அவர் துணியோட சேர்த்து ஷூவையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமாம்."

"அஞ்சு நிமிஷம்மா. குதிகால் பக்கம் வெளுத்திருக்கு."

"குதிகாலை யாருப்பா பார்க்கப் போறாங்க?"

அவர் துணியை இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

"இன்னொண்ணு." மகளின் குரல் தாழ்ந்தது. "அந்த ரொட்டிக்கடைக்காரர் வந்தா உள்ள விடாதீங்க. அந்த மூஞ்சியை என்னால பார்க்க முடியாது."

"சரிம்மா."

"நாலு பேரை எண்ணத் தெரியலையே அந்த மனுஷனுக்கு. நாப்பது பேர் இல்லப்பா. நாலு பேரு."

"சரிம்மா," என்றார் மீண்டும். அந்த நேரத்தில் அவருடைய மனத்திலும் அதே கோபம்தான் இருந்தது. சொல்லப்போனால் மகளுடைய கோபத்தைக் காட்டிலும் அவருடையது ஒரு பிடி அதிகம். எண்ணும் பொறுப்பை ஏற்றவன் எண்ணாமல் விடுவது அவருடைய அகராதியில் மன்னிக்கத்தக்க குற்றமன்று.

மருமகன் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன். எடை ஆய்வாளர் வீட்டுப் பெண்ணை ஃபிரிட்ஜ்காரன் கட்டிக்கொண்டான் என்று உறவினர் வாயில் விழுந்த நாளிலிருந்து ஆய்வாளர் அவனிடம் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். சண்டை கிடையாது, ஏச்சும் கிடையாது. "மாப்பிள்ளை" என்று வாய் நிறைய ஒரு முறை அழைத்ததில்லை, அவ்வளவுதான். பெயரைச் சொல்லியும் அழைத்ததில்லை. "அங்க போன் அடிக்குது", "சாவி மேசை மேல கிடக்கு" என்று காற்றைப் பார்த்துச் சொல்லியே பதினோரு ஆண்டுகளை ஓட்டிவிட்டார்.

மனைவி இறந்தபின், எட்டு மாதங்களுக்கு முன், மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். தமக்கு ஒதுக்கிய கீழறையின் சன்னல் இடுக்கில் காற்று நுழைகிறது என்று அவர் யாரிடமும் முறையிடவில்லை. ஒரு மாலை உலாவிவிட்டுத் திரும்பியபோது, சன்னல் விளிம்பைச் சுற்றிப் புது ரப்பர் பட்டை ஒட்டியிருந்தது. ஃபிரிட்ஜ் கதவுக்குப் போடுகிற அதே பட்டை. சன்னலைச் சாத்தினால் "பப்" என்று ஓர் ஓசையோடு இறுகிக்கொண்டது. அன்றிரவு நிம்மதியாக உறங்கினார். காலையில் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்த மருமகனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. குளிர்காலத்து ஞாயிறுகளில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, மலைமேல் ஆள் நடமாட்டமில்லாத ஓர் ஏரிக்கு வண்டி ஓட்டிச் சென்று, பனி உருகி வந்த நீரில் இறங்கி நீந்துவான். கூட்டத்தில் ஐந்து பேர்: மருமகன், மாட்டு டாக்டரம்மா, அச்சகம் நடத்தும் அண்ணன் தம்பி இருவர், ரொட்டிக்கடைக்காரர். முறை வைத்து ஒருவர் கரையில் கைக்கடிகாரமும் விசிலுமாக நிற்க, மற்ற நால்வரும் நீரில் இறங்குவார்கள்.

"வாரம் பூரா அடுத்தவன் ஃபிரிட்ஜுக்குள்ள தலையை விடறது. ஞாயித்துக்கிழமை ஆனா தானே ஃபிரிட்ஜுக்குள்ள போய்ப் படுத்துக்கிறது," என்று சாப்பாட்டு மேசையில் ஆய்வாளர் மகளைப் பார்த்துச் சொல்வார்.

அவன்தான் பதில் சொல்வான். "உள்ள லைட் எரியாது மாமா. அது ஒண்ணுதான் வித்தியாசம்."

சனிக்கிழமை மாலைதோறும் தவறாமல் கேட்பான். "மாமா, நாளைக்கு ஒரு தடவை வந்து பாருங்களேன். தண்ணியில இறங்க வேணாம். சும்மா கரையில உட்காருங்க." ஆய்வாளர் தவறாமல் முகத்தைச் செய்தித்தாளுக்குள் புதைத்துக்கொள்வார். கடந்த சனிக்கிழமை மட்டும் அவன் கேட்கவில்லை. ஏதோ ஓட்டலில் குளிர்ப்பதன அறை பழுதாகி, இருட்டிய பிறகு களைத்து வந்து, பேசாமல் சாப்பிட்டு எழுந்தான். ஆய்வாளர் செய்தித்தாளை இரண்டு முறை புரட்டினார். கேள்வி வரவில்லை. மாடிப்படியில் அவன் கால் வைத்தபோது, தம்மையறியாமல் காற்றைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறது?"

படியில் ஏறிய கால் அப்படியே நின்றது. "ஆறு மணிக்கு மாமா," என்றான் அவன். மகள் கழுவிக்கொண்டிருந்த தட்டோடு திரும்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த ஏரியைப் பார்த்தபோது, இதற்காகவா இத்தனை தூரம் என்றுதான் முதலில் தோன்றியது. மூன்று பக்கமும் சரிந்து கிடக்கும் கற்கள். நடுவே மை ஊற்றியது போன்ற நீர். அதன் மீது ஓரிடத்தில் நில்லாமல் நகரும் மூடுபனி. ஒரு புல் அசையவில்லை. மருமகன் வெப்பமானியை நூலில் கட்டி நீருக்குள் விட்டு எடுத்தான்.

"ஆறு டிகிரி. ஆறு நிமிஷம். யாராவது ஏழுன்னு வாய் திறந்தா அடுத்த வாரம் அவங்கதான் விசில்."

"உன் உடம்புக்கு மட்டும் எப்பவும் எட்டு நிமிஷம் ஓடுதேப்பா, அது என்ன கடிகாரம்?" என்றார் டாக்டரம்மா, தலையில் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டபடி.

"அவன் மெக்கானிக் இல்லையா, கடிகாரத்தையும் கழட்டி மாட்டியிருப்பான்," என்றான் அச்சகத்துத் தம்பி.

அன்று கரைக்காவல் ரொட்டிக்கடைக்காரருடையது. விடியுமுன் மாவு பிசைந்து பழகிய பருத்த கைகளோடு, வண்டியிலேயே மாற்றிக்கொள்ளும் மருமகனைத் தவிர, மற்றவர்களின் துணியை உடுத்த வேண்டிய வரிசையில் அடுக்கினார். கரையருகில் மேசை போலத் தட்டையான ஒரு பாறை. அதன்மேல் நான்கு எனாமல் குவளைகளைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் தேநீர் ஃபிளாஸ்க், சர்க்கரை டப்பா. பச்சைக் குவளை மருமகனுடையது. அதே நிறத்தில் ஒன்று வீட்டிலும் உண்டு.

ஆய்வாளரை அந்தப் பாறையருகில் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்குப் போர்வை போர்த்திவிட்டு, மருமகன் குவளைகளைக் காட்டினான்.

"மாமா, இந்தக் கப் இருக்கே, இதுல ஒரு கணக்கு—"

"கணக்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்," என்றார் ஆய்வாளர். "முப்பத்தி நாலு வருஷம் ஊர்க் கணக்கையே பார்த்தவன் நான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "அதுவும் சரிதான்," என்று சட்டையைக் கழற்றிவிட்டு நீரை நோக்கி நடந்தான்.

அவன் பாய்வான் என்று ஆய்வாளர் எதிர்பார்த்திருந்தார். அவன் பாயவில்லை. மூச்சை நீளமாக விட்டபடி, ஒவ்வோர் அடியாக, உறங்குகிறவரை எழுப்பாமல் அறைக்குள் நுழைவதுபோல நீருக்குள் நுழைந்தான். மார்பளவு வந்ததும் கண்ணை மூடி நின்றான். அந்த முகத்தில் ஓர் அமைதி. பதினோரு ஆண்டுகளில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் தாம் தொடர்ந்து பார்த்ததில்லை என்பது ஆய்வாளருக்கு அப்போது உறைத்தது. சற்றுத் தூரம் நீந்திப் போய், மூடுபனி விலகிய ஓர் இடைவெளியில் திரும்பி, கையை உயர்த்தி, "மாமா!" என்று கூவினான். எதிரொலி இரண்டு முறை வந்தது. ஆய்வாளர் கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அத்தனை தூரத்தில் அது தெரிந்திருக்காது.

ஆறாவது நிமிடம் விசில் ஒலித்தது. டாக்டரம்மா முதலில் கரையேறினார். நடுங்கும் கையால் தம் குவளையை நிமிர்த்தித் தேநீர் ஊற்றிக்கொண்டார். அடுத்து அச்சகத்து அண்ணன், அவரும் அப்படியே. அவருக்குப் பின் வந்த தம்பிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, பல் கிட்டிக்கொண்டது. குவளையை எப்படியோ நிமிர்த்தியவன், ஃபிளாஸ்க்கைப் பிடிக்க முடியாமல் அங்கேயே குந்திவிட்டான். ரொட்டிக்கடைக்காரர் ஓடிவந்து அவனைத் தாங்கிக்கொண்டுபோய், ஈரத்தைத் துடைத்து, கம்பளியால் சுற்றத் தொடங்கினார். டாக்டரம்மாவும் அண்ணனும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அந்த ஓரிரு நிமிடங்களில்தான் ஆய்வாளருக்கு அந்த எண்ணம் வந்தது. அவனும் இப்படித்தானே கை நடுங்க வருவான்? எழுந்தார். பச்சைக் குவளையை நிமிர்த்தினார். கைக்குட்டையால் உட்புறத்தைத் துடைத்தார். தேநீரை ஊற்றி, இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் கலக்கினார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, உதட்டுக்குள்ளேயே ஒரு முறை சொல்லிப் பார்த்தார்: "இந்தாங்க மாப்பிள்ளை." அது அவ்வளவு கடினமாக இல்லை. ஆறிப்போகாதிருக்கப் பாறைமேலேயே குவளையின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பனியைப் பார்த்து நின்றார்.

ரொட்டிக்கடைக்காரர் தம்பியின் தலையைத் துவட்டிக்கொண்டே பாறையின் பக்கம் திரும்பினார். "சரி, நாலும் வந்தாச்சு," என்றார்.

வந்துவிட்டானா? ஆய்வாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். நீரிலிருந்து வந்ததும் பாறைத் திருப்பத்துக்கு அப்பால் நிற்கும் வண்டிக்குப் போய், முதல் வேலையாக வெப்பக் காற்றை ஓடவிடுவது அவன் வழக்கம் என்று வழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் போயிருக்க வேண்டும். ஆய்வாளர் ஏரிக்கு முதுகைக் காட்டி, வண்டி நின்ற திசையை நோக்கித் திரும்பிக்கொண்டார். குவளையின் சூடு கைக்கு இதமாக இருந்தது.

அந்தச் சூடு தணிந்து, பிறகு இல்லாமலே போன பின்புதான், "ஐஸ் எங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். கூட்டத்தில் அவனுக்கு அதுதான் பெயர்.

அவனை ஏரியிலிருந்து இழுத்து வந்ததும், டாக்டரம்மா மண்டியிட்டு அவன் மார்பை அழுத்தியதும், கைப்பேசி எடுக்காத மலைச்சாலையில் ரொட்டிக்கடைக்காரர் ஒன்றே கால் மணிநேரம் வண்டியை விரட்டியதும், பின்னிருக்கையில் டாக்டரம்மா ஓயாமல் எண்ணிக்கொண்டே அழுத்தியதும், எல்லாம் ஆய்வாளருக்குத் தொடர்ச்சியாக நினைவில் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது மட்டும் நினைவிருந்தது. "ஹார்ட் நின்னிருக்கு. தண்ணியில சட்டுனு நின்னுதா, இல்ல கொஞ்ச நேரம் தவிச்சாரான்னு என்னால சொல்ல முடியாது. சீக்கிரம் பார்த்திருந்தா ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

காலணிகளை டாக்டரம்மா வாங்கிச் சென்றபின் வீடு மெல்ல நிறையத் தொடங்கியது. கடன் வாங்கிய நாற்காலிகளில் அக்கம்பக்கத்தார் ஈரக் கோட்டுகளோடு உட்கார்ந்தார்கள். பழுது பார்க்க வந்த ஒரு ஃபிரிட்ஜ் கூடத்து மூலையில் கதவு கழற்றிய நிலையில் நின்றது. அதை எங்கே தள்ளுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அச்சகத்து அண்ணனும் தம்பியும் வந்து ஆய்வாளரின் கையைப் பற்றிக்கொண்டார்கள். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும். கல்லறைத் தோட்டம் தெருக்கோடியில்தான். தோளில் சுமந்தே போய்விடலாம் என்று முடிவாயிற்று.

"நாங்க ரெண்டு பேரு, டாக்டரம்மா. இன்னொரு ஆள் வேணும்," என்றார் அண்ணன்.

"நான் இருக்கேன்," என்றார் ஆய்வாளர்.

"உங்களுக்கு எதுக்குங்கய்யா சிரமம்? வயசு..."

"நான் இருக்கேன்."

அதற்குமேல் யாரும் மறுக்கவில்லை. அப்போது அடுத்த வீட்டுக்காரர், வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நாலு பேர்ல ஒருத்தர் வரலைன்னா எப்படிங்க தெரியாமப் போகும்?"

அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். "பனி சார். பத்தடிக்கு மேல ஆள் தெரியாது. அவன் துணியும் பாதி நேரம் வண்டியிலதான் கிடக்கும், வண்டியிலதான் போய் மாத்துவான். அதனாலதான் நாங்க ஆளை எண்ணுறதில்லை, கப்பை எண்ணுவோம். கவுந்திருந்தா ஆள் தண்ணிக்குள்ள. கரைக்கு வந்தவுடனே துணி போடுறதுக்கு முன்னாடி அவங்கவங்க கப்பை அவங்கவங்கதான் நிமித்தணும். வேற யாரும் தொடக் கூடாது. எத்தனையோ வருஷமா அதான் எங்க சட்டம். இதைக் கொண்டுவந்ததே ஐஸ்தான்."

"அப்போ அன்னைக்கு?"

"அதான் சார் புரியலை. நாலும் நிமிந்திருந்துச்சுன்னு ரொட்டிக்கடை அடிச்சுச் சொல்றான். எப்படி நிமிந்திருக்கும்? தம்பிக்கு ஆன கலவரத்துல மூணை நாலாப் பார்த்துட்டான். வேறென்ன?"

ஆய்வாளர் பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்தார். யாரோ அவர் தோளைத் தொட்டு, "தண்ணி வேணுமா ஐயா?" என்றார்கள். வேண்டாம் என்று கையசைத்தார். அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு கடைகளின் உரிமத்தைப் பறித்த கை. தராசுத் தட்டில் கைபட்டால் அளவு பொய்த்துவிடும், தட்டைத் தொடாதே, தள்ளி நில் என்று எத்தனை கடைக்காரர்களை அதட்டியிருப்பார்!

"அப்பா." மகள் மாடிப்படியிலிருந்து கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. "எதிர்ச் சுவரோரமா நிக்குறாரு. அரை மணி நேரமா நிக்குறாரு. போகச் சொல்லுங்க."

வெளியே வந்தார். தூறல் முகத்தில் விழுந்தது. எதிர்ப்புறச் சுவரோரம் ரொட்டிக்கடைக்காரர், கறுப்புக் கோட்டின் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார். ஆய்வாளர் சாலையைக் கடந்து வருவதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"உள்ள வர மாட்டேன் ஐயா. தெரியும். இதை மட்டும் குடுத்துட்டுப் போயிடறேன். அவனோட குல்லாய், துண்டு. என் வண்டியில கிடந்துச்சு. துவைக்கலை. அவங்க துவைக்காமத்தான் கேட்பாங்கன்னு எங்க வீட்டுக்காரி சொன்னா."

ஆய்வாளர் பையை வாங்கிக்கொண்டார். போகச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் வந்தார். "போங்க" என்பது மூன்றே எழுத்துச் சொல். அதைச் சொன்னால் இந்த மனிதர் தலையைக் குனிந்தபடி தெருவைத் தாண்டிப் போய்விடுவார். இந்தக் குற்றமும் அவரோடேயே போய்விடும்.

"கண்ணை மூடினா அந்தப் பாறைதான் வருது," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "நாலும் நிமிந்துதான் இருந்துச்சு ஐயா. நான் பார்த்தேன். ஆனா எல்லாரும் சொல்றதைக் கேட்டா, நான் பார்த்தது எனக்கே சந்தேகமாப் போச்சு. நேத்து கடையில மாவுக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியலை. மொத்தத்தையும் கொட்டிட்டேன்."

"நிமிந்துதான் இருந்துச்சு," என்றார் ஆய்வாளர்.

"ஐயா?"

"நீங்க சரியாத்தான் பார்த்தீங்க. நான்தான் நிமித்தினேன். அவர் வந்ததும் குடிக்கட்டும்னு டீ ஊத்தி வச்சேன்."

ரொட்டிக்கடைக்காரர் அவரைப் பார்த்தார். முகம் முதலில் தளர்ந்தது, பிறகு இறுகியது. பருத்த விரல்கள் மடங்கின. திட்டப்போகிறார், அடித்தாலும் அடிக்கலாம் என்று ஆய்வாளர் நினைத்தார். அதற்காகக் காத்தும் நின்றார். ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு கடந்து போயிற்று.

"சொல்லியிருக்கணும்," என்றார் ரொட்டிக்கடைக்காரர் கடைசியில். "புதுசா வந்தவருக்கு நாங்கதான் சொல்லியிருக்கணும்."

"சொல்ல வந்தாரு. நான்தான் சொல்ல விடலை."

ரொட்டிக்கடைக்காரர் ஈரச் சுவரில் சாய்ந்தார். பிறகு, வேறு யாருக்கோ சொல்வதைப் போல், "அவங்ககிட்ட சொல்லாதீங்க," என்றார்.

"என்னது?"

"தங்கச்சிகிட்ட. சொல்லாதீங்க. அவங்களுக்கு இனிமே நீங்கதான் இருக்கீங்க, நீங்க மட்டும்தான். நான் வெளியாள். என்னைத் திட்டிக்கிட்டு இருக்கட்டும், பரவாயில்லை. எனக்குத் தெரிஞ்சுடுச்சு இல்லையா, என் கண்ணு பொய் சொல்லலைன்னு? போதும் ஐயா. அது போதும் எனக்கு."

இதைவிட மலிவாக ஒரு விடுதலை எவனுக்கும் கிடைத்ததில்லை. ஆய்வாளர் சன்னலை நிமிர்ந்து பார்த்தார். மாடிச் சன்னலில் திரை விலகி, ஒரு விரல் அளவு இடைவெளி தெரிந்தது. எட்டு மாதங்களாகக் காலையில் அவருக்குக் கம்பளிச் சட்டையை எடுத்துத் தருகிறவள். இரவில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போகிறவள். சொல்லாதிருந்தால் நாளைக்கும் தருவாள்.

"இங்கேயே இருங்க," என்றார். "போயிடாதீங்க."

மாடியறையில் மகள் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, மடியில் கறுப்புக் கையுறைகளை வைத்திருந்தாள்.

"போயிட்டாரா?"

"இல்லை."

"ஏன்?"

ஆய்வாளர் உட்காரவில்லை. உத்தியோகத்தில் அறிக்கை வாசிக்கும்போது நிற்பதுபோல், கைகளைப் பக்கவாட்டில் விட்டு நின்றார். கவிழ்த்த குவளை என்றால் என்ன என்பதைச் சொன்னார். அது தமக்கு இன்று காலைதான் தெரியும் என்றார். உடனே, அன்றே தெரிந்திருக்க வேண்டியது, தாம்தான் அவன் வாயை அடைத்துவிட்டதாகத் திருத்திச் சொன்னார். கைக்குட்டையால் துடைத்ததையும் சொன்னார். எந்த ஒன்றையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. உதட்டுக்குள் சொல்லிப் பார்த்த அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்வது தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்வதாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். கையுறையின் ஒவ்வொரு விரலையும் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்தபின்பும் ஐந்து விரல்களையும் நீவி முடித்தாள்.

"சர்க்கரை எத்தனை ஸ்பூன் போட்டீங்க?"

அவர் வேறு எதற்கோ ஆயத்தமாக இருந்தார். "ரெண்டு," என்றார்.

"அவர் சர்க்கரை போட்டுக்க மாட்டாருப்பா."

கீழே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வண்டி வந்துவிட்டது போலும்.

"எட்டு மாசமா ஒரே மேசையில உட்கார்ந்து குடிச்சீங்க," என்றாள் மகள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். எழுந்து, கையுறைகளை மாட்டிக்கொண்டு, அவரைக் கடந்து படியிறங்கிப் போனாள். அவர் கையிலிருந்த பையை அவள் வாங்கவில்லை. அவரும் நீட்டவில்லை. அதைக் கட்டிலின் மேல், தலையணைப் பக்கமாக வைத்துவிட்டு இறங்கினார்.

அவர் வாசலுக்கு வந்தபோது, மகள் சாலையின் நடுவில் நின்றிருந்தாள். அவளுக்கு எதிரே ரொட்டிக்கடைக்காரர். என்ன பேசினாள் என்பது கேட்கவில்லை. ஒரே ஒரு வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும். ரொட்டிக்கடைக்காரர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் அவருடைய கோட்டில் மாற்றிப் போட்டிருந்த மேல் பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் மாட்டிவிட்டாள். பிறகு ஆஸ்பத்திரி வண்டியருகே நின்றிருந்த அச்சகத்து அண்ணனிடம் திரும்பினாள்.

"நாலாவது ஆளா இவரு பிடிப்பாரு."

"ஐயா பிடிக்கிறேன்னாரும்மா..."

"இவரு பிடிப்பாரு அண்ணா."

அண்ணன் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் தலையசைத்தார். பக்கத்தில்தான் இருந்தார்கள், இம்முறை அது எல்லோருக்கும் தெரிந்தது.

நால்வரும் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். உயரம் ஒத்துவரவில்லை, டாக்டரம்மா குட்டை, தம்பி நெட்டை. "உன் பக்கம் தாழ்த்துடா," என்றார் டாக்டரம்மா. "தாழ்த்தித்தான்கா இருக்கேன்." "மூச்சை விட்டுட்டு நட. தண்ணியில இறங்குற மாதிரி." தம்பி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஓர் ஒலி எழுப்பினான். ரொட்டிக்கடைக்காரர் அடிக்கு ஓர் எண்ணாக முணுமுணுக்க, அந்த எண்ணிக்கைக்கு நான்கு பேருடைய கால்களும் மெல்ல ஒன்றுபட்டன. அண்டை வீட்டார் வழி விட்டார்கள்.

தூறல் வலுத்தது. மகள் பெட்டிக்குப் பின்னால் தனியாக நடந்தாள். சற்றுத் தூரம் சென்றதும் குடையை விரித்தாள். அதைத் தன் தலைக்கு நேராகப் பிடிக்காமல், வலப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி நடந்தாள். அவளுடைய இடத்தோள் நனைந்துகொண்டே வந்தது. குடையின் கீழே, வலப்பக்கத்தில், ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஆய்வாளர் இரண்டடி பின்னால் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே, மழையில் நடந்து வந்தார்.